பெரிய காலிபர் பிஸ்டல் தேர்ந்தெடுப்பது எப்படி: குமரி மாவட்டத்துப் புதியவர்களுக்கு

பிடித்த பிஸ்டல் எது என்று கேட்டால் எல்லோரும் ஒரு பெயரைச் சொல்வார்கள். 1911 என்ற மாடல், கிளாக், டெசர்ட் ஈகிள். படத்தில் பார்த்ததாக இருக்கும், இல்லையென்றால் பட்டாளத்திலிருந்து வந்த சித்தப்பா சொன்னதாக இருக்கும். பெயரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எந்த ரேஞ்சில் (துப்பாக்கி சுடும் களத்தில்) சுடப் போகிறீர்கள், எந்த உரிமத்தின் பேரில், உங்கள் கை எவ்வளவு பெரியது என்ற மூன்றையும் முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். காலிபர், அதாவது குழலின் உள்விட்ட அளவு, தானாக முடிவாகிவிடும்.

முதலில் சட்டம்

இதைத் தெரியாமல் பணத்தைக் கொடுத்தவர்கள் உண்டு. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படியும் 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படியும், சர்வீஸ் (ராணுவம் பயன்படுத்தும்) 9 மில்லிமீட்டர் தோட்டாவையோ .45 அங்குல ரிம்லெஸ் (அடி விளிம்பு துருத்தாத) தோட்டாவையோ சுடக்கூடிய பிஸ்டல் தடைசெய்யப்பட்ட வகையில் சேரும். .380, .455 ரிம் தோட்டாக்களுக்கும் இதே விதிதான். இந்த வகைக்கு உரிமம் தரும் அதிகாரம் நாகர்கோவிலில் இருக்கும் ஆட்சியருக்கு இல்லை, டெல்லியில் உள்துறை அமைச்சகத்துக்குத்தான் உண்டு. அவர்களும் உயிருக்குக் கடுமையான ஆபத்து இருப்பவர்கள் போன்ற சிலருக்கே கொடுப்பார்கள். பட்டாளத்தில் இருபது வருடம் 9 மில்லிமீட்டர் பிஸ்டலைக் கையாண்டவர் என்பதற்காக ஓய்வுக்குப் பிறகு அதே காலிபர் வீட்டுக்கு வந்துவிடாது.

அப்படியானால் இந்தக் கட்டுரை யாருக்கு? வளைகுடாவிலோ அமெரிக்காவிலோ வேலை பார்த்துக்கொண்டு, அங்குள்ள ரேஞ்சில் பயிற்றுநர் மேற்பார்வையில் சுட நினைப்பவர்களுக்கு. விளையாட்டாகத் துப்பாக்கி சுடுதலைத் தொடங்கி மேலே போக நினைப்பவர்களுக்கு. ஊரிலேயே உரிமம் எடுத்து .32 பிஸ்டல் வாங்கப் போகிறவர்களுக்கு. மூன்று பேரும் பார்க்க வேண்டிய விஷயங்கள் பெரும்பாலும் ஒன்றுதான்.

பேச்சிப்பாறை, கீரிப்பாறைப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்கள் காட்டுப்பன்றிக்காகப் பிஸ்டல் கேட்பதுண்டு. அதற்குப் பிஸ்டல் சரிப்படாது. வனவிலங்குச் சட்டமும் அதன் மேல் தனியாக நிற்கிறது. அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

காலிபர் என்பது உதையின் கணக்கு

தோட்டா என்பது பித்தளைக் கூடு, அதன் பின்னால் தட்டினால் பற்றும் கேப், உள்ளே மருந்து, முன்னால் குண்டு. குண்டின் எடையை கிரெய்ன் என்ற அளவில் சொல்வார்கள், ஒரு கிராம் என்பது சுமார் 15 கிரெய்ன். குண்டின் எடையை அதன் வேகத்தால் பெருக்கினால் கையில் விழும் உதை எவ்வளவு என்று தோராயமாகத் தெரிந்துவிடும். .32 ஏசிபி (ஆட்டோமேட்டிக் கோல்ட் பிஸ்டல்) வகைத் தோட்டாவில் 71 கிரெய்ன் குண்டு நொடிக்கு சுமார் 900 அடி வேகத்தில் போகிறது. 9 மில்லிமீட்டரில் 115 கிரெய்ன், சுமார் 1150 அடி. .45 ஏசிபியில் 230 கிரெய்ன், சுமார் 830 அடி. பெருக்கிப் பார்த்தால் விகிதம் ஏறத்தாழ ஒன்று, இரண்டு, மூன்று என்று வரும். டெசர்ட் ஈகிளின் .50 தோட்டா இதே கணக்கில் ஏழுக்கு அருகே போய் நிற்கும்.

எண் பெரிதானால் உதையும் கூடும் என்று மட்டும் நினைக்க வேண்டாம். .45-இன் உதை கையை மெதுவாகத் தள்ளும். 9 மில்லிமீட்டர் அதைவிடச் சுருக்கென்று அடிக்கும். அதனால் எடையுள்ள பிஸ்டலில் .45 சுடுவது, எடையில்லாத குட்டிப் பிஸ்டலில் 9 மில்லிமீட்டர் சுடுவதைவிட எளிதாக இருப்பதுண்டு. பிஸ்டலின் எடையைக் கேட்காமல் காலிபரை மட்டும் கேட்பது பாதிக் கேள்விதான்.

கை அளவு பார்ப்பது

பிஸ்டலைக் கையில் வாங்கியதும் பிடிக்குள் தோட்டா அடுக்கியிருக்கும் மேகசினைக் கழற்றுங்கள். மேலே முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடைப் பின்னால் இழுத்துப் பூட்டி, குழலின் பின்முனையிலுள்ள அறைக்குள் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் சுண்டு விரலாலும் பாருங்கள். கடைக்காரர் பார்த்தார், நண்பர் பார்த்தார் என்பதெல்லாம் கணக்கில் வராது. கை மாறும்போதெல்லாம் மறுபடியும் பார்க்க வேண்டும். ட்ரிக்கரில் விரலும் வேண்டாம், யார் பக்கமும் குழல் திரும்பவும் வேண்டாம்.

இப்போது பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சதை, பிடியின் பின்பக்கத்தில் எவ்வளவு உயரம் போக முடியுமோ அவ்வளவு உயரத்தில் உட்கார வேண்டும். மேலிருந்து பார்த்தால் குழலும் முன்னங்கை எலும்பும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். அந்தப் பிடி மாறாமல் ஆள்காட்டி விரலின் முதல் கணுவுக்கு முன்னாலுள்ள சதை ட்ரிக்கரில் படுகிறதா? விரல் நுனி மட்டும்தான் எட்டுகிறது, அல்லது எட்ட வைக்கக் கையைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டியிருக்கிறது என்றால் அந்தப் பிஸ்டல் உங்களுக்குப் பெரியது. உதை பெருவிரல் மூட்டில் போய் விழும், பத்தாவது தோட்டாவிலேயே கை நடுங்க ஆரம்பிக்கும்.

பெரிய காலிபரில் இந்தச் சோதனையில்தான் பலர் தோற்கிறார்கள். .45 தோட்டா தடிமனானது. அதை இரண்டு வரிசையாக அடுக்கும் மேகசின் பிடிக்குள் நுழைய வேண்டும் என்றால் பிடியும் தடித்துத்தான் ஆக வேண்டும். கிளாக் 21-இல் 13 தோட்டா பிடிக்கும், ஆனால் பிடி செங்கல் மாதிரி இருக்கிறது என்று சிறிய கைக்காரர்கள் சொல்வார்கள். அதற்காகவே பிடியைக் குறுக்கிய எஸ்எஃப் வகை வந்தது. 1911-இல் ஒற்றை வரிசை மேகசின், 7 தோட்டா, ஆனால் பிடி ஒல்லி. நம் ஊர் சராசரிக் கைக்கு 1911 அதிகம் ஒத்துப்போகும் என்பது எங்கள் கருத்து.

அடுத்து ஸ்லைடு. 5 அங்குலக் குழலுள்ள .45 1911-இல் வழக்கமாக இருப்பது 16 பவுண்டு ஸ்பிரிங், அதாவது ஏழு கிலோவுக்கு மேல். பிஸ்டலை மார்புக்கு அருகே வைத்து, குழலைப் பாதுகாப்பான திசையில் நீட்டி, ஒரு கையால் ஸ்லைடைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பிடியை முன்னால் தள்ளுங்கள். இழுப்பதைவிடத் தள்ளுவது எளிது. ஐந்து முறை தொடர்ந்து முடியவில்லை என்றால் அடுத்த பிஸ்டலைப் பாருங்கள்.

ட்ரிக்கர் மூன்று விதம்

சிங்கிள் ஆக்‌ஷனில் குதிரை, அதாவது கேப்பைத் தட்ட வைக்கும் பின்பக்கச் சுத்தி, முன்பே ஏற்றப்பட்டிருக்க வேண்டும். ட்ரிக்கர் லேசு, தூரம் குறைவு. 1911 இந்த வகை. குதிரை ஏற்றி, பெருவிரல் சேஃப்டியைப் போட்டு வைப்பார்கள். பிடியின் பின்னால் இன்னொரு சேஃப்டி உண்டு, கை அழுத்தினால்தான் சுடும். இலக்கில் சுடுவதற்கு இதைவிட நல்ல ட்ரிக்கர் கிடையாது. சேஃப்டியை மறக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இதைவிட மோசமான ட்ரிக்கரும் கிடையாது.

டபுள் ஆக்‌ஷன், சிங்கிள் ஆக்‌ஷன் இரண்டும் சேர்ந்த வகையில் முதல் தோட்டாவுக்கு ட்ரிக்கர் நீளமாக, கனமாக இருக்கும். இரண்டாவதிலிருந்து லேசாகிவிடும். 1975-இல் வந்த சிக் பி220 இப்படி. புதியவர்களுடைய முதல் தோட்டா கீழேயும் இரண்டாவது மேலேயும் போவதற்குக் காரணம் இந்த மாற்றம்தான். குதிரைக்குப் பதிலாக உள்ளே ஊசி இருக்கும் ஸ்ட்ரைக்கர் வகை, அதாவது கிளாக் போன்றவை, ஒவ்வொரு தோட்டாவுக்கும் ஒரே மாதிரி இருக்கும். கற்றுக்கொள்ள எளிது, ஆனால் பெரும்பாலும் வெளியே தனி சேஃப்டி இருக்காது. விரல் ஒழுக்கமே அங்கே சேஃப்டி.

டெசர்ட் ஈகிள் பற்றி ஒரு வார்த்தை. சுமார் இரண்டு கிலோ. மற்றவை போல உதை விசையில் ஓடாமல், குழலிலிருந்து வாயுவை எடுத்து ஓடுகிறது. உறையில்லாத ஈயக் குண்டு போட்டால் அந்த வாயுத் துளை அடைத்துக்கொள்ளும். ஒரு மேகசின் சுட்டுப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளலாம். பிடித்த பிஸ்டலாக வைத்துக்கொள்ள அது லாயக்கில்லை.

விளையாட்டு வழியில் போகிறவர்கள்

முதல் நாளே .45 என்று நிற்காதீர்கள். சர்வதேச விதிப்படி 25 மீட்டர் சென்டர் ஃபயர் (தோட்டாவின் அடி நடுவில் கேப் உள்ள வகை) போட்டியில் அனுமதிக்கப்படும் காலிபர் 7.62 முதல் 9.65 மில்லிமீட்டர் வரைதான். 11.43 மில்லிமீட்டரான .45 அதற்குள் வரவே வராது. போட்டியாளர்கள் அதிகம் எடுப்பது .32 எஸ் அண்ட் டபுள்யூ லாங் என்ற தோட்டா. தொடக்கம் 4.5 மில்லிமீட்டர் ஏர் பிஸ்டல். குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கு மேல் போகாத அந்த வகைக்கு உரிமம் வேண்டாம். அதில் ஒரு வருடம், பிறகு .22. பொறுமையில்லாதவர்களுக்கு இது சப்பென்று இருக்கும். ஆனால் ஏர் பிஸ்டலில் ட்ரிக்கரை அழுத்தக் கற்றவர் .45-ஐக் கையில் எடுத்த அன்றே தனியாகத் தெரிவார்.

நாகர்கோவிலிலிருந்து அருகே உள்ள பெரிய ரேஞ்ச் திருவனந்தபுரம் வட்டியூர்க்காவில் இருக்கிறது. வடசேரியில் பஸ் ஏறினால் இரண்டு இரண்டரை மணி நேரம். தமிழ்நாட்டுக்குள்ளேயே வேண்டும் என்றால் மதுரை ரைஃபிள் கிளப் இருக்கிறது. இங்கேதான் குமரிக்காரருக்கு மட்டும் உரிய ஒரு பொறி இருக்கிறது. களியக்காவிளையைத் தாண்டினால் வேறு மாநிலம். உங்கள் உரிமத்தின் செல்லுபடி எல்லை தமிழ்நாடு மட்டும் என்று இருந்தால், மார்த்தாண்டத்தில் சட்டப்படி வைத்திருந்த துப்பாக்கி பாறசாலையில் சட்டவிரோதம். விண்ணப்பிக்கும்போதே இந்தியா முழுவதற்குமான செல்லுபடியைக் காரணத்தோடு கேளுங்கள். ஏர் பிஸ்டலுக்கு இந்தத் தொல்லை இல்லை.

ஊரில் உரிமம் எடுத்து வாங்குகிறவர்கள்

வயது 21 ஆகியிருக்க வேண்டும். விண்ணப்பம் ஏ-1 படிவத்தில், மத்திய அரசின் ஆயுத உரிம இணையதளம் வழியாக. வயது, முகவரிச் சான்றுகள், உடல் மன நலத்துக்கான மருத்துவச் சான்று, பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சி முடித்த சான்று, வீட்டில் பூட்டி வைக்கும் ஏற்பாடு பற்றிய உறுதிமொழி ஆகியவை வேண்டும். உங்கள் காவல் நிலையத்திலிருந்து அறிக்கை போகும், ஆட்சியர் முடிவெடுப்பார். ‘எதற்காக’ என்ற கட்டத்தில் சும்மா ‘தற்காப்பு’ என்று ஒற்றைச் சொல் எழுதுவதுதான் பலர் செய்யும் தவறு. என்ன தொழில், எந்த வழியில் எவ்வளவு பணத்தோடு போக வேண்டியிருக்கிறது, முன்பு புகார் கொடுத்திருந்தால் அதன் விவரம் என்று எழுத வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமம் ஐந்து ஆண்டு செல்லும், ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். கல்யாண வீட்டில் வானத்தைப் பார்த்துச் சுட்டால் இரண்டு ஆண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும்.

அப்பா வைத்திருந்த துப்பாக்கி வீட்டில் இருக்கிறது என்றால் வேறு வழி. உரிமதாரர் இறந்த பிறகு அதைப் பீரோவில் வைத்துக்கொண்டு யோசிக்கக்கூடாது. தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கிவிட்டு, வாரிசு உரிமத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். உரிமதாரர் 70 வயதை எட்டினாலோ, 25 ஆண்டு அந்தத் துப்பாக்கியை வைத்திருந்தாலோ உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றக் கேட்கலாம். பலருக்கு இது தெரியாது.

பொதுமக்களுக்கான துப்பாக்கி இறக்குமதி 1980-களின் நடுவிலேயே நின்றுவிட்டது. அதனால் கையில் கிடைப்பது பெரும்பாலும் இரண்டு: அரசுத் தொழிற்சாலையின் ‘அஷானி’ போன்ற .32 பிஸ்டல், அல்லது அதற்கு முன் வந்த பழைய வெளிநாட்டு .32. பழையதன் விலை அதன் பெயருக்குத்தான், நிலைமைக்கு அல்ல. சுத்தமான வெள்ளைத் துணியைக் குழல் வழியே இழுத்து, வெளிச்சத்தில் உட்புறத்தைப் பாருங்கள். குண்டைச் சுழல வைக்கும் வரிப்பள்ளங்களின் விளிம்பு கூராகத் தெரிய வேண்டும். அம்மைத் தழும்பு மாதிரி குழிகள் இருந்தால் துரு தின்றிருக்கிறது. குழலில் வளையம் போல ஒரு வீக்கம் தெரிந்தால், எத்தனை லட்சம் குறைத்தாலும் வேண்டாம். மேகசினின் மேல் உதடுகள் விரிந்திருக்கின்றனவா, நெளிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஏனென்றால் தோட்டா சிக்குவதில் பாதிக்கு மேல் மேகசின் குற்றம்தான். பழைய வெளிநாட்டு மாடலுக்கு வேறு மேகசினும் கிடைக்காது. காலியாக இருக்கும்போது சேஃப்டியைப் போட்டு ட்ரிக்கரை அழுத்திவிட்டு, சேஃப்டியை எடுங்கள். அப்போது குதிரை விழுந்தால் சேஃப்டி தேய்ந்துவிட்டது. கடைசியாக, பிஸ்டலில் பொறித்த எண்ணும் உரிமத்தில் உள்ள எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா?

தோட்டா வாங்கும்போது ஒரு குழப்பம் வரும். உரிமத்தில் வெறும் ‘.32’ என்று இருக்கும். ஆனால் .32 ரிவால்வருக்கு எஸ் அண்ட் டபுள்யூ லாங் தோட்டா, .32 பிஸ்டலுக்கு ஏசிபி தோட்டா. இரண்டும் வேறு வேறு, ஒன்றை மற்றதில் போடக்கூடாது. ‘பிஸ்டல் தோட்டா’ என்று சொல்லிக் கேளுங்கள். ஏசிபி தோட்டாவின் அடிப்பக்கத்தில் சின்னதாக ஒரு விளிம்பு உண்டு. மேகசினில் ஏற்றும்போது மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் வர வேண்டும். மாறிப் போனால் இரண்டும் கொக்கி போட்டுக்கொண்டு மேகசினுக்குள்ளேயே இறுகிவிடும்.

முதல் முறை சுடும்போது

காதில் பஞ்சு போதாது. பிஸ்டல் சத்தம் 150 டெசிபலைத் தாண்டும். ரேஞ்சில் தரும் அடைப்பானையும் மேலே மூடியையும் சேர்த்தே போடுங்கள். கண்ணாடியும் வேண்டும். சூடான கூடு பறந்து சட்டைக் காலருக்குள் விழும், அப்போது துள்ளித் திரும்பினால் குழலும் கூடவே திரும்பும். பொத்தான் போட்ட சட்டையோடு போங்கள்.

ஏழு மீட்டரில் தொடங்குங்கள். மேகசினில் ஒரே ஒரு தோட்டா. அது சரியாகப் போனால் இரண்டு. .45-ஐ முதல் தடவை சுடுபவர் கையில் ஏழு தோட்டாவை ஒரேயடியாகக் கொடுப்பது பயிற்றுநரின் தவறு. இரண்டு கைப் பெருவிரல்களும் ஸ்லைடுக்குப் பக்கவாட்டில், முன்னோக்கி இருக்க வேண்டும். பின்னால் குறுக்கே கிடந்தால் ஸ்லைடு திரும்பும்போது சதையைக் கிழிக்கும்.

வலது கைக்காரருக்குக் குண்டுகள் இடப்பக்கம் கீழே கூடி விழுந்தால் பார்வைக் குறியில் கோளாறு இல்லை. வெடிக்கும் என்று எதிர்பார்த்துக் கை முன்கூட்டியே அமுக்குகிறது. பயிற்றுநரிடம் சொல்லி, மேகசினில் மருந்தில்லாத டம்மித் தோட்டாக்களைக் கலந்து ஏற்றச் சொல்லுங்கள். டம்மி வரும்போது குழல் கீழே குனிவதை நீங்களே பார்ப்பீர்கள். பார்த்த பிறகு திருந்துவது எளிது.

காலிக் கூடு வெளியே போகாமல் ஸ்லைடில் நட்டுக்கொண்டு நிற்பது அடிக்கடி நடக்கும். மணிக்கட்டு தளர்ந்திருந்தால், ஸ்லைடு பின்னால் ஓடும்போது பிடியும் சேர்ந்தே பின்னால் ஓடுகிறது, ஸ்லைடு முழுத் தூரமும் போவதில்லை. மேகசினைக் கழற்றி, ஸ்லைடை இழுத்து, பார்த்துவிட்டு மறுபடி ஏற்றுங்கள், மணிக்கட்டைப் பூட்டிக்கொள்ளுங்கள். ட்ரிக்கர் அழுத்தியும் வெடிக்கவில்லை என்றால் குழலை இலக்கை நோக்கியே 30 நொடி வைத்திருங்கள். மருந்து தாமதமாகப் பற்றலாம். இதைவிட ஆபத்து, சத்தம் வழக்கத்தைவிட ‘புஸ்’ என்று கேட்பது. குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் வெடிக்கும். நிறுத்துங்கள், கையை உயர்த்திப் பயிற்றுநரைக் கூப்பிடுங்கள்.

முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் தின்னக் கூடாது, ஈயத் தூள் கையில் இருக்கும். வெளிநாட்டு ரேஞ்சிலிருந்து நினைவுக்காக ஒரு தோட்டாவைப் பையில் போட்டுக்கொண்டு திருவனந்தபுரம் விமான நிலையத்தில் இறங்க வேண்டாம். ஒற்றைத் தோட்டாவும் வழக்குத்தான். காலிக் கூட்டையும் அங்கேயே விட்டுவிடுங்கள்.

உப்புக் காற்று

குளச்சல், முட்டம், கன்னியாகுமரிப் பக்கம் வீட்டு ஜன்னல் கம்பி எத்தனை வருடத்தில் உதிர்கிறது என்று பாருங்கள். பிஸ்டலும் இரும்புதான். அதோடு நமக்கு இரண்டு மழைக்காலம். கருநீலப் பூச்சுள்ள பிஸ்டல் பார்க்க அழகு, கடற்கரையில் அதுதான் முதலில் துருப்பிடிக்கும். தேர்ந்தெடுக்க வழியிருந்தால் ஸ்டெயின்லெஸ் எஃகு, அல்லது கிளாக் போல எஃகைக் கடினப்படுத்திப் பதனிட்ட ஸ்லைடு. ஸ்டெயின்லெஸும் துருப்பிடிக்கவே பிடிக்காது என்பதில்லை, தாமதமாகும், அவ்வளவுதான்.

தோல் உறையில் வைத்துப் பூட்டாதீர்கள். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், தோலைப் பதப்படுத்திய உப்பும் சேரும். உறை வேறு, பெட்டி வேறு. தொட்ட ஒவ்வொரு முறையும் வியர்வையைத் துடைத்து, துப்பாக்கி எண்ணெயை மெல்லிய படலமாகப் பூசுங்கள். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் ஒரு கைப்பிடி போட்டு, நிறம் மாறினால் சட்டியில் லேசாக வறுத்து மறுபடி போடலாம். தையல் மெஷின் எண்ணெய் ஆபத்துக்கு உதவும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், நம் வீட்டில் அதற்குக் குறைவில்லை என்றாலும். மார்கழிக் குளிரில் உறையும், நாள்பட்டால் பிசின் மாதிரி ஒட்டி ஸ்லைடைப் பிடித்துக்கொள்ளும். எண்ணெய் தோட்டாவில் படவும் கூடாது, கேப்புக்குள் இறங்கினால் வெடிக்காது.

தேர்தல் அறிவித்ததும் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். வாரக்கணக்கில் அங்கே இருக்கும். கொடுப்பதற்கு முந்தின இரவே அதை முழுவதும் பிரித்துத் துடைத்து, வழக்கத்தைவிடக் கொஞ்சம் கனமாக எண்ணெய் பூசி, குழலுக்குள்ளும் எண்ணெய்த் துணியை ஒரு முறை ஓட்டிவிடுங்கள். ரசீதில் துப்பாக்கியின் எண்ணும், மேகசின் எத்தனை என்பதும் எழுதியிருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். திரும்ப வாங்கிய அன்று, சுடுவதற்கு முன் குழலிலிருக்கும் அந்த எண்ணெயை உலர்ந்த துணியால் முழுவதும் எடுத்துவிட வேண்டும்.